பாதிக் கூழைக்கடா

"இடது காலை நகர்த்தாதே டென்வர்! அங்கேயே நில்லு!"

"இடது காலா? அது செத்துப் போச்சு மிஸ்! வலது காலு பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டு இருக்கு!"

டென்வர் சால் கேமரா ஸ்டாண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினான். மணல்திட்டு அவன் காலடியில் கரைந்துகொண்டிருந்தது. வந்து நின்றபோது கணுக்காலைத் தொட்ட தண்ணீர் இப்போது முழங்காலைத் தாண்டிவிட்டது. வடமேற்குக் காற்று ஈரத்துணியால் அடிப்பது போல முகத்தில் அடித்தது. எதிர்த்திட்டில் ஒரு கூட்டம் கடல்நாய்கள் படுத்தபடியே தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன. அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

இரண்டு திட்டுகளுக்கும் வலது பக்கமாக, ஆறு கடலுக்குள் பாயும் ஓட்டத்தில், ஒரு துடுப்புப் படகு தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஹெஸ்ட்ரி கோர்டம். தலையில் கம்பளிக் குல்லா, ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் ஆளைவிட நீளமான மூங்கில் கழி.

ரீட்மோண்ட் ஊரில் பாதிப் பேருக்கு அவர் பழைய கணக்கு டீச்சர். மீதிப் பேருக்கு, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர். டென்வருக்கு இரண்டும். ஐந்தாம் வகுப்பில் அவனை ஃபெயில் ஆக்கியவர், இப்போது அவனுடைய பிக்கப் வண்டியையும் அவனையும் சேர்த்தே வேலைக்கு வைத்திருக்கிறார்.

"சர்க்கரை டப்பா எங்கே? சீக்கிரம் சொல்லு!"

டென்வர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். இதே இடத்தில், இதே ஸ்டாண்டில் இருந்த கேமரா எடுத்த படம். எதிர்த்திட்டில் கடல்நாய்கள். ஒன்றுகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாம் வலது பக்கம், படத்துக்கு வெளியே எதையோ பார்த்தன. நேற்று மாலை ஹெஸ்ட்ரி மிஸ் சமையல் மேஜையில் இந்தப் படத்தை ஒட்டி வைத்து, ஒவ்வொரு கடல்நாயின் மூக்கிலிருந்தும் ஒரு நூல் இழுத்தார். நூல்கள் எல்லாம் படத்தைத் தாண்டிப் போய், மேஜையில் சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. இப்போது அந்தச் சர்க்கரை டப்பாவை ஆற்றில் தேடுகிறார்கள்.

"இன்னும் வலது பக்கம் மிஸ்... கொஞ்சம் என் பக்கம்... ஆங், இப்ப நீங்க சர்க்கரை டப்பா மேலதான் உக்காந்திருக்கீங்க!"

ஹெஸ்ட்ரி மிஸ் கழியைத் தண்ணீரில் இறக்கினார். இறங்கியது. மேலும் இறங்கியது. கை முட்டிவரை தண்ணீருக்குள் போயும் கழி தரையைத் தொடவில்லை. ஓட்டம் அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. படகு சாய்ந்தது.

"மிஸ்!"

அவர் கழியை விட்டுவிட்டார். அது நிமிர்ந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, நேராகக் கடலைப் பார்த்துப் போனது.

படகு டென்வரை அள்ளிக்கொண்டபோது தண்ணீர் அவன் இடுப்பில் இருந்தது. ஸ்டாண்டோடு குப்புற விழுந்து, புரண்டு, வானத்தைப் பார்த்தபடி பல் கிட்டிப் படுத்தான். படகோரத்தில் ஒரு இளங்கடல்நாய் தலையை நீட்டியது. அதன் கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து, இளஞ்சிவப்பாக ஒரு வளையத் தடம்.

"பாருங்க மிஸ், இவரு டை கட்டிட்டு ஆபீஸ் போய் வந்திருக்காரு. நான் இங்க பேண்ட்டு கரைஞ்சு கிடக்கேன்."

ஹெஸ்ட்ரி மிஸ் சிரிக்கவில்லை. துடுப்பை இழுத்தார். "அங்க மனுஷன் நிக்க முடியாது. ஆழம்."

"அப்ப படகு. படகுல ஒருத்தன் வந்திருக்கான். கடல்நாய் எல்லாம் அவனைத்தான் பாத்திருக்கு. அவன்தான் ரோவனை..."

"முடிக்காதே. அவங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டிய வார்த்தை அது. ஒத்திகை வேணாம்."



ரோவன் ஆஃப்ரிகா. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா விட்டுப்போன பழைய ரப்பர் உடையை மார்பு வரை மாட்டிக்கொண்டு, பறவைகளையும் கடல்நாய்களையும் படம் எடுக்க இந்தத் திட்டுக்கு வந்தான். மறுநாள் காலை கேமரா ஸ்டாண்டில் நின்றது. அவன் இல்லை. போலீஸ் படகு தேடியது, டைவர்கள் தேடினார்கள். செருப்பில்லை, சட்டையில்லை, உடலும் இல்லை. கேப் டவுனிலிருந்து பறவை பார்க்க வந்த பெண்ணோடு ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னது. அவனுடைய அம்மா லேனி ஆன்ட்டியும் அதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் போன் நம்பரைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். அந்தப் பெண்ணோ, ரோவன் வரவேயில்லை என்று போனிலேயே அழுதாள்.

கேமராவை ஹெஸ்ட்ரி மிஸ் கையில் கொடுத்தபோது லேனி ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கேயோ உசிரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு எழுத வேணாம், பேச வேணாம். உண்மை தெரியற வரைக்கும் நான் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மாட்டேன்."

இன்றுவரை உடுத்தவில்லை.

*

கரையில் ஸாக்கி மாமா தன் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். சிவப்புப் படகு, நடுவில் வெள்ளைப் பட்டை. வலை போட்டுத் திரும்பும்போதெல்லாம் கடல்நாய்களுக்கு மீன்குடல் வீசுகிற ஒரே ஆள் இந்த ஆற்றில் அவர்தான். மற்றவர்கள் கல் வீசுவார்கள்.

டென்வர் ஈரம் சொட்டச் சொட்ட நேரே போய் நின்றான்.

"ஸாக்கி மாமா, உங்களைப் பாத்தா கடல்நாய் எல்லாம் தலை தூக்குமாமே?"

"தூக்கும். உன்னைப் பாத்தா என் நாயே தூக்காது. எந்தச் சாக்கடையில விழுந்த?"

"ரோவன் காணாமப் போன அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

தார்க் குச்சி நின்றது. ஸாக்கி மாமா மெதுவாக நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமைடா அது. நான் சர்ச்ல, உன் சித்தப்பாவுக்குப் பின் பெஞ்சுல இருந்தேன். அவரு விட்ட குறட்டையில பாட்டே கேக்கலை."

"நடுவுல எழுந்து போய்..."

"ஞாயித்துக்கிழமை படகைத் தண்ணியில இறக்கவா? எங்கப்பா குழியிலேருந்து எழுந்து வந்து அறைவாரு." அவர் தார்க் கையை டென்வரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "அன்னிக்கு ஒருத்தன் ஆத்துல இருந்திருந்தா, அந்தப் புள்ளையோட சத்தம் யாரு காதுலயாவது விழுந்திருக்காதா? நாங்க எல்லாரும் உள்ள பாடிக்கிட்டு இருந்தோம். அதை நெனச்சு நெனச்சு நான் தூங்கறதில்ல. நீ என்னைக் கேள்வி கேக்க வந்துட்ட."

ஸாக்கி மாமா டென்வரின் கையிலிருந்த படத்தைப் பிடுங்கினார். கடல்நாய்களுக்குப் பின்னால் தூரக் கரை தெரிந்தது. அங்கே வரிசையாகக் கவிழ்த்துப் போட்ட படகுகள். விரலை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது என்னுது, வெள்ளைப் பட்டை. இது மாட்டிஸோடது. இது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிங்களோடது. இது பாதிரியார் வாங்கிட்டு, பயந்துபோய் ஏறாமலே வச்சிருக்கறது. எல்லாம் குப்புறக் கிடக்கு. எந்தப் படகு குறையுது, சொல்லு?"

எதுவும் குறையவில்லை.

"கடல் பக்கமா ஒருத்தன் வந்திருந்தா?"

"அந்த வாரம் ஆத்து வாயில அலை வீடு உசரம். வர்றவன் படகோட வரமாட்டான். பலகையா வருவான்."

ஆள் நிற்க முடியாத இடம். படகும் இல்லை. அப்படியானால் அத்தனை கடல்நாய்களும் எதைப் பார்த்தன? டென்வர் கற்பனை செய்த கொலைகாரன், வந்த வழியே தண்ணீரில் கரைந்து போனான்.

ஹெஸ்ட்ரி மிஸ் சிவப்புப் படகின் தார் படாத முனையில் உட்கார்ந்து, கேமராவிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இறக்கையை விரித்துக் காயப்போட்ட நீர்க்காகங்கள். காற்றுக்கு எதிர்முகமாக, பள்ளிப் பிள்ளைகள் போல வரிசை கட்டிய ஆலாக்கள். பிறகு கடல்நாய்கள். அதற்குப் பிறகு எல்லாம் கடல்நாய்கள் மட்டுமே.

"ஸாக்கி, அந்தப் பையனுக்கு எந்தப் பறவை ரொம்பப் பிடிக்கும்?"

"கூழைக்கடா." ஸாக்கி மாமாவின் குரல் இறங்கியது. "பிரசங்கத்துக்கு நடுவுல ஜன்னல்ல ஒண்ணு பறந்தா எழுந்து ஓடிடுவான். அவங்கம்மா சட்டையைப் பிடிச்சு இழுப்பா, சட்டை கிழியும், அப்பவும் ஓடுவான்."

ஹெஸ்ட்ரி மிஸ் ஒரு படத்தை எடுத்து டென்வரிடம் நீட்டினார். "இடது ஓரம். என்ன தெரியுது?"

"ஒரு... கூழைக்கடா. பாதிதான் இருக்கு. அலகும் கழுத்தும் வெளிய போயிடுச்சு."

"அடுத்தது?"

"அதே பாதி."

"அடுத்தது?"

டென்வர் புரட்டினான். படத்துக்குப் படம் அதே பாதிக் கூழைக்கடா. சாவகாசமாக இறகு கோதியது, உட்கார்ந்தது, எழுந்தது. கேமரா அதன் பக்கம் ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை.

அவனுக்குக் குளிர் இப்போதுதான் எலும்பைத் தொட்டது.

"கேமராவுக்குப் பின்னாடி யாருமே இல்லை" என்றான்.

"அது தானாவே எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. அப்படி ஓட விட்டுட்டு அவன் எங்கேயோ போயிருக்கான். ஏன் ஓட விட்டான்னு தெரியலை. எங்கே போனான்னு தெரியுது." ஹெஸ்ட்ரி மிஸ் ஆற்றைப் பார்த்தார். "கடல்நாய்ங்க யாரோ வந்தவனைப் பாக்கலை, டென்வர். ரோவனைத்தான் பாத்திருக்கு. தண்ணிக்குள்ள."

ஸாக்கி மாமா குல்லாவைக் கழற்றினார்.

டென்வர் கடைசிப் படங்களைப் பார்க்க விரும்பவில்லை. பார்த்தான். ஒரு படத்தில் எல்லாத் தலைகளும் வலது பக்கம். இன்னொன்றில் ஒன்றிரண்டு குனிந்துவிட்டன. அப்புறம் இன்னும் சில. பாட்டரி தீர்வதற்கு முன் எடுத்த கடைசிப் படத்தில் எல்லாக் கடல்நாய்களும் மணலில் முகம் வைத்துத் தூங்கின. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"எதுக்கு மிஸ் இறங்கினான்? அந்த ரப்பர் உடையில தண்ணி புகுந்தா கல்லு மாதிரி இழுக்கும்னு அவனுக்குத் தெரியாதா?"

ஹெஸ்ட்ரி மிஸ் இன்னொரு படத்தைக் கொடுத்தார். அதே கேமராவில் முந்தின நாள், சனிக்கிழமை, எடுத்தது. திட்டின் ஓரத்தில் ஒரு இளங்கடல்நாய். கழுத்தில் நீல நைலான் நூல் வளையமாக இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது. வளையத்தில் ஒரு முடிச்சு, ஊசிமுனையில் குத்தி எடுத்தது போலத் தெளிவாகத் தெரிந்தது.

காலையில் படகோரம் தலை நீட்டிய குட்டி. டை கட்டிய தடம். டென்வர் தன் சொந்த ஜோக்கை நினைத்துத் தலை குனிந்தான்.

"இது மடவை மீனைக் கோக்கற நூலு" என்றார் ஸாக்கி மாமா. "கருவாட்டுக் கொத்திலேருந்து விழுந்த கண்ணி. அறுந்ததை எல்லாம் பொம்பளைங்க மீன் கொட்டகைப் பலகை இடுக்கு வழியா ஆத்துல கூட்டித் தள்ளுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"யாரோட முடிச்சு மாமா? கொத்து மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு தனி முடிச்சு போடுவாங்களே."

ஸாக்கி மாமா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாதுப்பா."

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

டென்வர் பிக்கப் வண்டிக்கு நடந்தான். முன்கண்ணாடியில் ஒரு கருவாட்டுக் கொத்து தொங்கியது. போன வாரம் லேனி ஆன்ட்டி கொடுத்தது. வண்டிக்கு சென்ட் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனியைத் திரும்ப உள்ளே செருகிய முடிச்சு. படத்தைப் பக்கத்தில் பிடித்தான். இரண்டும் ஒரே முடிச்சு.

*

"முடிச்சைப் பத்திச் சொல்ல வேணாம்" என்றார் ஹெஸ்ட்ரி மிஸ், வண்டி கிளம்பியதும்.

"விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழியும் காட்டணும்னு என்னை பெஞ்சு மேல ஏத்தினவங்க நீங்க."

"இன்னிக்கு விடை மட்டும் போதும்."

அவன் முன்கண்ணாடியிலிருந்து கொத்தைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

லேனி ஆன்ட்டியின் கொட்டகை ஆற்றின் மேல் மரக்கால்களில் நின்றது. உள்ளே கூரையிலிருந்து கொத்துக் கொத்தாக மடவைகள் தொங்கின. ஆன்ட்டி மஞ்சள் ஸ்வெட்டரில், உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீள ஊசியால் மீன்களைக் கண்வழியாகக் கோத்துக்கொண்டிருந்தார்.

"டென்வர், ஆத்துல குளிச்சியா? அந்த அடுப்புகிட்ட போய் நில்லு. காபி இருக்கு. ரொட்டியும் ஜாமும் இருக்கு, கருவாட்டை நடுவுல வச்சுக்கோ. வத்திப் போயிட்டே."

"போன வாரம்தான் ஆன்ட்டி தொப்பையைப் பாத்து, 'மாசமா இருக்கியா'ன்னு கேட்டீங்க."

"அது போன வாரம்."

கொத்து நிறைந்தது. ஆன்ட்டி இரண்டு சுற்று சுற்றினார், மடித்தார், நுனியை உள்ளே செருகினார். பிறகு குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு கத்தி. ஒரு ஆணி மட்டும் காலி. டென்வர் அதைப் பார்த்தான். அப்போது அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் தோன்றவில்லை.

ஹெஸ்ட்ரி மிஸ் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து ஆன்ட்டியின் கையைப் பிடித்தார். உப்புப் பூத்த கை.

"லேனி, அவன் கேப் டவுனுக்குப் போகலை."

ஆன்ட்டி இன்னொரு கையால் ஊசியை உப்புத் தொட்டி ஓரத்தில் வைத்தார்.

"கேமராவை ஓட விட்டுட்டுத் தண்ணியில இறங்கியிருக்கான். நடு ஓட்டம். ரப்பர் உடை. யாரும் அவனை ஒண்ணும் பண்ணலை. பக்கத்துல யாருமே இல்லை."

"படத்தைக் காட்டுங்க."

ஹெஸ்ட்ரி மிஸ் கடைசிப் படத்தை மட்டும் கொடுத்தார். ஆன்ட்டி கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கடற்புறா கூரைத் தகரத்தில் தடதடவென்று நடந்து போனது.

"எல்லாம் தூங்குதே" என்றார்.

"ஆமாம் லேனி."

"அவன் திரும்பி வந்திருந்தா எழுந்திருக்கும்."

"ஆமாம்."

ஆன்ட்டி படத்தை மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தார். தூங்கும் குழந்தையைத் தட்டுவது போல. அப்புறம் நிமிர்ந்து கேட்டார்:

"அந்தக் குட்டி என்ன ஆச்சு?"

டென்வரின் கையிலிருந்த காபி உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. ஹெஸ்ட்ரி மிஸ்ஸைப் பார்த்தான். அவர் அசையவில்லை.

"ஆன்ட்டி," என்றான் மெதுவாக, "நாங்க குட்டியைப் பத்திச் சொல்லவே இல்லையே."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. லேனி ஆன்ட்டி அவனையே பார்த்தார், வேறு எதுவும் கேட்காமல், பதிலுக்காக மட்டும்.

"உசிரோட இருக்கு" என்றான் டென்வர். "காலையில படகுகிட்ட வந்துச்சு. கழுத்துல தடம்தான் இருக்கு. நூல் இல்ல. அறுத்துட்டான் ஆன்ட்டி."

"அறுத்துட்டானா."

"அறுத்துட்டான்."

ஆன்ட்டி தலையை ஆட்டினார். ஊசியை எடுத்தார். ஒரு மீனை எடுத்தார். கோக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேருந்து ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கானா? மீன் வேலைக்கு வாடான்னேன், வரலை. தண்ணிகிட்ட போகாதேன்னேன், போனான். சர்ச்ல உக்காருடான்னேன், ஓடினான். அன்னிக்கும் கேட்டிருக்க மாட்டான், என் மேல கோவிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணோட ஓடியிருப்பான்னு... நீங்க வந்து அப்படிச் சொல்லுவீங்கன்னு..."

"என்ன பேச்சு லேனி?" ஹெஸ்ட்ரி மிஸ்ஸின் குரல் மிக மெதுவாக வந்தது. "அவனை என்ன சொன்னே?"

"சனிக்கிழமை சாயங்காலம் கேமராவுல காட்டினான். 'பாரும்மா, உன் முடிச்சு'ன்னான். சிரிச்சுக்கிட்டே காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது." ஆன்ட்டி காலி ஆணியைப் பார்த்தார். "'ஊரு பாத்துச் சிரிக்கறதுக்கா படம் புடிச்சே? பெத்தவ போட்ட முடிச்சு ஒரு உசிரை நெரிக்குது, நீ நின்னு படம் புடிச்சிட்டு வர்றியா'ன்னு கத்தினேன். 'சரிம்மா, அறுக்கறதையும் படமாவே கொண்டுவந்து காட்டறேன்'னான். கத்தி இல்லைன்னான்..."

மீன் அவர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அந்த ஆணியிலேருந்து என் கத்தியை எடுத்து, 'அறுக்காம வீட்டுக்கு வராதே'ன்னு அவன் கையில கொடுத்தது நான்தான்."